அம்மா 6 மாசம் வர்றாங்க, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கத்துல வீடு மாத்திடலாமா?

உறையூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

நாங்க இப்ப நியூ ஜெர்சில ஒரு அபார்ட்மென்ட்ல இருக்கோம். லீஸ் முடியப்போகுது. எனக்கு ஆபீஸ் மன்ஹாட்டன் மிட்டவுன்ல, மனைவிக்கு வீட்லேந்தே வேலை, குழந்தை இன்னும் ஸ்கூல் போற வயசு ஆகல, அதனால எங்க வேணாலும் மாறலாம்ங்கற நிலைமை. ஆகஸ்ட்ல அம்மா வர்றாங்க, விசிட்டர் விசா, 6 மாசம் இருப்பாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் இது ரெண்டாவது தடவை.

போன தடவ வந்தப்ப அம்மா ரொம்ப கஷ்டப்பட்டாங்க. வாய விட்டு சொல்ல மாட்டாங்க, ஆனா தெரிஞ்சுது. எங்க அபார்ட்மென்ட்லேந்து வெளிய வந்தா ஹைவே, நடைபாதை கூட பாதி தூரத்துல முடிஞ்சு போயிடும், ஒரு பாக்கெட் பால் வாங்கணும்னா கூட கார எடுத்தாகணும், அம்மாவுக்கு கார் ஓட்ட தெரியாது, அதனால நாங்க ரெண்டு பேரும் மீட்டிங்ல இருக்கும்போது ஜன்னல் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து பார்க்கிங் லாட்ட பாத்துட்டே இருப்பாங்க. ஊர்ல அம்மா காலைல குளிச்சதும் வெக்காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போயிட்டு, வழியில நாலு பேர்கிட்ட பேசிட்டு, கீரை வாங்கிட்டு வர்ற ஆள். இங்க சனிக்கிழமை ஆனா ப்ரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு கூட்டிட்டு போவோம், அருமையான கோயில், குறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஒரு நாள் திரும்பி வரும்போது அம்மா சொன்னாங்க, "சாமி எல்லாம் இருக்குப்பா, நானா எந்திரிச்சு போக முடியலயே, அதான்". அது மனசுலயே நின்னுடுச்சு.

ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், நியூயார்க் குயின்ஸ்ல ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கத்துல வீடு எடுங்க, அம்மா தானாவே நடந்து போயிட்டு வருவாங்கன்னு. நான் அந்த கோயிலுக்கு ஒரே ஒரு தடவ போயிருக்கேன், அதுவும் கூட்டத்துல அவசரமா தோசை சாப்ட்டுட்டு வந்தேன், வேற ஒண்ணும் பாக்கல. ஒரு வயசான அம்மா தனியா போயிட்டு வர்ற மாதிரியா இருக்கு அந்த ஏரியா? அம்மாவுக்கு இங்கிலிஷ் சுத்தமா வராது. பனி காலத்துல என்ன பண்றது? அங்க தமிழ் பேசறவங்க யாராவது இருப்பாங்களா? ஒரு கோயிலுக்காக வீடு மாத்தறது சரியான யோசனைதானா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பவுன்தெரு அக்கா:

தம்பி, மாத்துங்க. முதல்ல அத சொல்லிடறேன், காரணத்த அப்புறமா எழுதறேன்.

நான் இந்த ஏரியால எண்பதுகள்லேந்து இருக்கேன். என் மாமியார் இங்க எங்களோட இருந்து, இங்கயேதான் போனாங்க. அவங்களுக்கு இந்த ஊர்ல ஒரு வாழ்க்கை இருந்துதுன்னா அது இந்த கோயிலாலதான். நாங்க வேலைக்கு கிளம்பினதும் அவங்களும் வீட்ட பூட்டிட்டு கிளம்பிடுவாங்க, சாவி அவங்க இடுப்புல. இந்த ஊர்ல ஒரு மாமியார் இடுப்புல வீட்டு சாவி இருக்கறதுன்னா என்னன்னு இங்க இருக்கறவங்களுக்கு புரியும்.

கோயில் எங்க இருக்குன்னா, 7-ஆம் நம்பர் ட்ரெயின் கடைசி ஸ்டாப் மெயின் ஸ்ட்ரீட், அங்கேந்து தெக்க ஒரு மைல் மாதிரி வரும், இருபது நிமிஷ நடை, பஸ்ஸும் உண்டு. ஸ்டேஷன் பக்கம் முழுக்க சைனீஸ் கடை, ரோட்டு மேலேயே பழம், காய்கறி, மீன் எல்லாம் போட்டிருப்பாங்க, தோள் இடிக்கற கூட்டம். அங்கேந்து பவுன் ஸ்ட்ரீட்டுக்கு வந்துட்டீங்கன்னா சத்தம் அடங்கிடும், ரெண்டு பக்கமும் சாதாரண குடித்தன வீடுங்க, மரம், வாசல்ல நிறுத்தின கார். அந்த வீடுங்க வரிசையிலயே திடீர்னு கோபுரம். எதிர்ல வீடு, பக்கத்துல வீடு. ஊர்ல தெருக்கோடில பிள்ளையார் இருப்பாரே, அந்த மாதிரி, என்ன, கொஞ்சம் பெரிய பிள்ளையார்.

உள்ள மூலவர் மஹா வல்லப கணபதி. சிவன், பெருமாள், தாயார், முருகன், அம்பாள், துர்கை, சரஸ்வதி, நவகிரகம்னு சுத்தி வர சன்னிதி. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை அம்பாள், சனிக்கிழமை நவகிரகம், சஷ்டிக்கு முருகன்னு ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வேலை இருக்கும். சங்கடஹர சதுர்த்திக்கு எவ்வளவு குளிர் இருந்தாலும் கூட்டம் வரும். அபிஷேகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போய் பாருங்க, கடையில வாங்கின கேலன் பால் கேன் எல்லாம் வரிசையா மூடியோட நிக்கும், ஒவ்வொரு கேன்லயும் குடுத்தவங்க பேரும் கோத்திரமும் துண்டு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கும். குருக்கள் ஒண்ணொண்ணா திறந்து குடத்துல ஊத்தி ஊத்தி அபிஷேகம் பண்ணுவார். அந்த கேனோட நிக்கறதுல பாதி பேர் ஆபீஸ் பேட்ஜ கழட்டாம நேரா வந்தவங்களா இருப்பாங்க.

பாஷைக்கு கவலையே படாதீங்க. அர்ச்சனை சீட்டு வாங்கற கவுன்ட்டர்ல தமிழ் எடுபடும், குருக்கள்கள்ல தமிழ் பேசறவங்க இருக்காங்க, பக்கத்துல நிக்கற மாமி தமிழோ தெலுங்கோ கன்னடமோ பேசுவாங்க. வயசானவங்க நிறைய பேர் பகல்ல வந்து உக்காந்திருப்பாங்க, பூ தொடுப்பாங்க, ஸ்லோகம் சொல்லுவாங்க. அம்மா ரெண்டு வாரம் ஒரே நேரத்துக்கு போனாங்கன்னா மூணாவது வாரம் "ஏன் நேத்து காணோம்"னு கேக்க ஆள் இருக்கும்.

கீழ கேன்டீன். நீங்க அவசரமா சாப்ட்டதா எழுதியிருக்கீங்க, அடுத்த தடவ கூட்டம் இல்லாத ஒரு வார நாள் போங்க. படி இறங்கும்போதே நெய்யும் சாம்பாரும் கலந்த வாசனை வந்துடும், கவுன்ட்டர்ல சொல்லி காசு குடுத்தா நம்பர் குடுப்பாங்க, நம்பர் கூப்பிட்டதும் தட்ட எடுத்துக்கணும், பேப்பர் ரோஸ்ட் ட்ரேய தாண்டி ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கும். பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், ஃபில்டர் காபி எல்லாம் உண்டு. பக்கத்து டேபிள்ல சைனீஸ் பசங்க, வெள்ளைக்காரங்க, பஞ்சாபி குடும்பம் எல்லாம் உக்காந்து சாப்பிடுவாங்க. என் மாமியார் வெளி ஹோட்டல்ல தண்ணி கூட குடிக்க மாட்டாங்க, ஆனா இங்க மத்தியானம் ஒரு காபி வாங்கிட்டு மத்த மாமிங்களோட மூணு மணி வரைக்கும் உக்காந்திருப்பாங்க.

எடிசன் ராம்:

அக்கா சொல்றத மறுக்கல, ஆனா இன்னொரு பக்கமும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க ப்ரோ. கோயில் நல்ல கோயில்தான். ஆனா நீங்க வாழப்போறது கோயிலுக்குள்ள இல்ல, ஃப்ளஷிங்ல. எழுபது, எண்பதுகள்ல அங்க இந்தியன் கூட்டம் நிறைய இருந்தது, கடைங்க இருந்தது. அதுல பெரும்பாலானவங்க வசதி வந்ததும் லாங் ஐலண்ட் பக்கம், ஹிக்ஸ்வில், இல்லன்னா எங்க எடிசன் பக்கம் வந்துட்டாங்க. இப்ப தெருவுல இறங்கினா போர்டு எல்லாம் சைனீஸ்லயும் கொரியன்லயும்தான் இருக்கு. இங்கிலிஷே தெரியாத அம்மா அங்க வழி தவறிட்டா யார்கிட்ட கேப்பாங்க?

அடுத்தது கார். நியூ ஜெர்சில உங்களுக்கு பார்க்கிங் ஒரு பிரச்சனையே கிடையாது, அங்க ரோடு கழுவற நாளுக்கு கார மாத்தி மாத்தி நிறுத்தணும், விசேஷ நாள்ல கோயிலுக்கு வர்ற கூட்டத்துல உங்க வீட்டு வாசல்லயே இடம் கிடைக்காது. எங்க அப்பா அம்மா வர்றப்ப எடிசன்ல இந்தியன் கடைங்க நிறைஞ்ச ஓக் ட்ரீ ரோடு பக்கத்துல நடக்கற தூரத்துல வீடு எடுத்திருந்தேன், அவங்களே கடைக்கு போவாங்க, குஜராத்தி தாத்தாங்களோட உக்காந்து சைகையிலயே அரசியல் பேசுவாங்க, வாரத்துக்கு ஒரு நாள் கோயில். ராபின்ஸ்வில்ல அக்ஷர்தாம் 2023-ல திறந்ததுக்கு அப்புறம் ஊர்லேந்து வர்ற பெரியவங்க எல்லாம் அதைத்தான் முதல்ல கேக்கறாங்க. அவ்வளவு பெரிய கோயில் இருக்கும்போது எதுக்கு ஃப்ளஷிங்? முக்கியமா நடக்கற தூரத்துல மனுஷங்க வேணும், அது கோயிலாதான் இருக்கணும்னு இல்ல.

குயின்ஸ் வாசன்:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து கனகாலம். என்ர அனுபவத்தையும் சொல்லுறன்.

அம்மாவை நாங்கள் கூப்பிட்டு எடுக்கேக்க அவவுக்கு எழுபது வயசு தாண்டீட்டுது. ஊரில நல்லூருக்கு விரதம் இருந்து போன மனிசி, இஞ்ச வந்து நாலு சுவருக்குள்ள இருந்து அழுதவ. நாங்கள் கோயிலில இருந்து கொஞ்சம் தள்ளி குயின்ஸிலயே ஜமேக்கா எண்ட பகுதியில இருந்தனாங்கள், நடந்து போகேலாது, பஸ்தான். முதல் மூண்டு நாலு தரம் நான் கூடப் போய்க் காட்டிக் குடுத்தன். எந்த பஸ், எந்த இடத்தில மணியை அடிக்கிறது, இறங்கினாப் பிறகு எந்தப் பக்கம் திரும்புறது எண்டு. ஒரு அட்டையில வீட்டு அட்ரஸும் என்ர ஃபோன் நம்பரும் இங்கிலிசில எழுதி, லாமினேட் பண்ணி கைப்பைக்குள்ள வச்சுவிட்டன். அந்த அட்டையை அவ ஒருக்காலும் எடுக்கத் தேவைப்படேல்ல. கந்தசஷ்டி ஆறு நாளும் தானே பஸ்ஸில போய் வந்தவ. பாஷை தெரியாட்டி வழி தவறுவினம் எண்டு ராம் தம்பி பயப்பிடுறார், அந்தப் பயம் எனக்கும் இருந்தது, ஆனா வயசு போனவை ஒரு வழியைப் பழகினால் எங்களை விட நல்லா ஞாபகம் வச்சிருப்பினம்.

அங்க அம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சவ, கயானாக்காரி. ரிச்மண்ட் ஹில் பக்கம் கயானாச் சனம் கனக்க இருக்கினம், அவையள் இந்தக் கோயிலுக்கும் வருவினம். அந்த மனிசியின்ர பூட்டன் மெட்ராசில கப்பல் ஏறி கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவராம். மனிசிக்கு தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, மாரியம்மா எண்ட பேர் மட்டும் தெரியும். எங்கட அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. ரெண்டு பேரும் ஒரு பாயில இருந்து மாலை கட்டுவினம். அம்மா கட்டுற மாதிரிப் பார்த்து அவவும் விரலில நூலைச் சுத்தப் பழகினவ. அம்மா செத்தவீட்டுக்கு அந்த மனிசி தன்ர பேரப்பிள்ளையளோட வந்தவ.

அதுதான் ராம் தம்பிக்கு என்ர பதில். நடக்கிற தூரத்தில மனுசர் வேணும் எண்டது சரி. ஆனா பாஷை தெரியாத ரெண்டு கிழவியள் பக்கத்தில பக்கத்தில நாள் முழுக்க இருக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும். கடைத்தெருவில எவ்வளவு நேரம் இருக்கலாம்?

செட்டிநாட்டு வாசகன்:

இந்த கோயில் எப்படி வந்துதுன்னு தெரிஞ்சா, ஏன் நகரத்துக்கு நடுவுல இருக்குன்னும் புரியும், அதுக்காக எழுதறேன்.

1965-ல அமெரிக்கா குடியேற்ற சட்டத்த மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஊர்க்காரங்க இங்க வந்து தங்கறது கிட்டத்தட்ட முடியாத காரியம். சட்டம் மாறினதும் டாக்டர், இன்ஜினியர், படிக்க வந்தவங்கன்னு நிறைய பேர் நியூயார்க்ல இறங்கினாங்க. குயின்ஸ்ல வாடகை கம்மி, சப்வே இருக்கு, அதனால அங்க தங்கினாங்க. வீட்டு அலமாரில சாமி படம், யாராவது ஒருத்தர் வீட்டு ஹால்ல பூஜை, அவ்வளவுதான் அப்ப வழிபாடு. ஐக்கிய நாடுகள் சபைல வேலை பாத்துட்டு இருந்த அழகப்பா அழகப்பன்தான் கோயில் கட்டியே ஆகணும்னு நின்னவர், செட்டிநாட்டுக்காரர். 1970-ல இந்து டெம்பிள் சொசைட்டின்னு சங்கத்த பதிவு பண்ணாங்க. பவுன் ஸ்ட்ரீட்ல ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சர்ச்சா இருந்த ஒரு இடத்த வாங்கினாங்க. சிலைங்க இந்தியாவுல செதுக்கி வந்தது. 1977 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்னிக்கு கும்பாபிஷேகம். நம்ம ஆகம முறைப்படி அமெரிக்காவுல முதல்ல எழுந்த கோயில்கள்ல இது ஒண்ணு. கிட்டத்தட்ட அதே சமயத்துலதான் பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸ்ல வெங்கடேஸ்வரா கோயிலும் வந்தது. எது முதல்ல வந்ததுன்னு ரெண்டு ஊர்க்காரங்களும் இன்னிக்கும் பேசிட்டுதான் இருக்காங்க.

நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வியாபாரிங்க, போன இடத்துல எல்லாம் முதல்ல ஒரு கோயில எழுப்புவாங்கன்னு எங்க ஊர் பக்கம் சொல்லுவாங்க. பர்மா, சைகோன், பினாங்கு எல்லாம் அப்படித்தான், சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-ல கட்டினது. அங்க எல்லாம் கடையும் கிட்டங்கியும் எங்க இருந்ததோ அது பக்கத்துலதான் கோயில். ஃப்ளஷிங்லயும் அதே கணக்குதான்னு நான் நினைக்கறேன். ஜனம் எங்க குடியிருந்துதோ அங்க சாமி. பின்னாடி வந்த கோயில்கள்ல பல கோயில் ஊருக்கு வெளிய, ஏக்கர் கணக்குல நிலம் வாங்கி, பெரிய பார்க்கிங் போட்டு கட்டினாங்க. அது தப்பு இல்ல, இடம் கிடைக்கற எடத்துலதானே கட்ட முடியும். ஆனா கார் ஓட்டறவங்களுக்கு மட்டும்தான் அந்த கோயிலுக்கு வழி. அழகப்பன் 2014-ல காலமானார். அவர் முன்னாடி நின்னு குயின்ஸ்ல கட்டினதாலதான் கார் ஓட்ட தெரியாத ஒரு தலைமுறை அம்மாக்களுக்கு தினமும் போக ஒரு இடம் கிடைச்சுது, அதுக்கு அவருக்கு எத்தன நன்றி சொன்னாலும் போதாது.

அந்த தெருவுக்கும் ஒரு கதை இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஜான் பவுன்ங்கறவர் பேர்லதான் பவுன் ஸ்ட்ரீட். டச்சுக்காரங்க ஆண்ட காலம், பீட்டர் ஸ்டைவசன்ட் கவர்னர், க்வேக்கர்ங்கற கிறிஸ்தவ பிரிவு யாரும் கூடி கும்பிடக்கூடாதுன்னு தடை போட்டிருந்தார். 1657-ல ஃப்ளஷிங் ஊர்க்காரங்க ஒரு முப்பது பேர் அது தப்புன்னு கையெழுத்து போட்டு மனு அனுப்பினாங்க. கையெழுத்து போட்டவங்க யாரும் க்வேக்கர் கிடையாது, அடுத்தவங்க வழிபாட்டுக்காக போட்டாங்க, அதுதான் பெரிய விஷயம். அஞ்சு வருஷம் கழிச்சு ஜான் பவுன் தன் வீட்லயே க்வேக்கர்கள கூட விட்டார்னு கைது பண்ணி நாடு கடத்தினாங்க. அவர் ஹாலந்து போய் வாதாடி ஜெயிச்சார், ஜனங்க மனசாட்சில தலையிடாதன்னு அந்த காலனிய நடத்தின டச்சு வெஸ்ட் இந்தியா கம்பெனிலேந்தே கவர்னருக்கு கடிதம் வந்தது. அந்த வீடு இன்னமும் அதே தெருவுல வடக்கு பக்கம் நிக்குது, மியூசியமா இருக்கு. அதே தெருவுலயும் சுத்து வட்டாரத்துலயும் இப்ப சர்ச், யூதர் கோயில், குருத்வாரா, புத்த கோயில் எல்லாம் இருக்கு. 2022-ல நம்ம கோயில் முன்னாடி உள்ள பகுதிக்கு கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்னு நகராட்சியே இன்னொரு பேரும் வெச்சு பச்சை போர்டு மாட்டியிருக்காங்க. அம்மாவ அந்த போர்டுக்கு கீழ நிக்க வெச்சு ஒரு ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புங்க.

உறையூர்க்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாசன் அண்ணா எழுதினத மனைவிகிட்ட படிச்சு காட்டினேன், ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரல.

ராம், நீங்க சொன்னதையும் தள்ளிடல. ஓக் ட்ரீ ரோடு பக்கமும் வீடு பாத்தோம். ஆனா அம்மாகிட்ட ஃபோன்ல ரெண்டையும் சொன்னப்ப, கடைத்தெரு பக்கம் வீடுன்னதும் "சரிப்பா"ன்னாங்க, நடந்து போற தூரத்துல பிள்ளையார் கோயில்னதும் "எத்தன மணிக்கு நடை திறப்பாங்க"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல எனக்கு யோசிக்க ஒண்ணும் இல்ல. ஆபீஸ் போறதும் அங்கேந்து ஈஸின்னு பாத்தேன், லாங் ஐலண்ட் ரயில் பிடிச்சா பென் ஸ்டேஷன் இருபது நிமிஷம் மாதிரிதான் காட்டுது.

அக்கா, கிசீனா புலவார்ட் பக்கம் ஒரு ரெண்டு பெட்ரூம் வீடு லிஸ்டிங் இருக்கு, சனிக்கிழமை பாக்க போறோம். என்னென்ன கவனிக்கணும்? அம்மாவுக்கு இடது முட்டி வலி உண்டு. அப்புறம் அப்பா திவசம் நவம்பர்ல வருது, அது அங்க பண்ண முடியுமா? பனி பத்தியும் நீங்க சொல்லல.

எடிசன் ராம்:

"எத்தன மணிக்கு நடை திறப்பாங்க"ன்னு அம்மாவே கேட்டதுக்கு அப்புறம் நான் என்ன சொல்ல, தாராளமா போங்க ப்ரோ. கார் மட்டும் தேவையான்னு யோசிங்க, அங்க இருந்தீங்கன்னா வித்துட்டு வேணுங்கறப்ப வாடகைக்கு எடுத்துக்கலாம், இன்ஷூரன்ஸே நியூயார்க்ல எகிறும். பிள்ளையார் சதுர்த்திக்கு நானும் குடும்பத்தோட வர்றேன், ரதம் பாக்கணும்னு பசங்க ரொம்ப நாளா கேக்கறாங்க.

பவுன்தெரு அக்கா:

சந்தோஷம் தம்பி.

சனிக்கிழமை வீடு பாக்க வந்தா அன்னிக்கு மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, சனி ஞாயிறு கோயில் கூட்டம் வேற மாதிரி, வார நாள் வேற மாதிரி. ஒரு வார நாள் சாயங்காலம் வந்து அந்த வீட்டு வாசல்லேந்து கோயில் வாசல் வரைக்கும் நீங்களே அம்மா நடக்கற வேகத்துல நடந்து பாருங்க. தூரத்த விட ரோடு கிராஸ் பண்றதுதான் முக்கியம். கிசீனா பெரிய ரோடு, பஸ் எல்லாம் திரும்பும், சிக்னல்ல வெள்ளை மனுஷன் படம் எரியற நேரத்துக்குள்ள முட்டி வலி உள்ளவங்க தாண்டிட முடியுதான்னு பாருங்க. கோயில் இருக்கற பக்கமே வீடு கிடைச்சா கொஞ்சம் கூட வாடகை குடுத்தாலும் பரவாயில்ல. மேல் மாடி வீடா இருந்தா லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க, இந்த பக்கம் பழைய வீடுங்க நிறைய, வாசல்லயே ஏழு எட்டு படி இருக்கும், கைப்பிடி ஆட்டம் காணுதான்னு பிடிச்சு பாருங்க. ஹீட்டிங் வாடகைலயே சேர்ந்ததான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

பனி டிசம்பர் கடைசிலேந்து பிப்ரவரி வரைக்கும். விழுந்த அன்னிக்கும் மறுநாளும் போக வேண்டாம். வீட்டு ஓனருங்க நடைபாதைய சுத்தம் பண்ணியே ஆகணும்னு சட்டம் இருக்கு, பண்ணிடுவாங்க, ஆனா திருப்பத்துல உருகின தண்ணி ராத்திரில உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆகிடும், அதுலதான் வயசானவங்க வழுக்கி விழறது. காலைல எட்டு மணிக்கு போகாம வெயில் வந்து பதினோரு மணிக்கு மேல போக சொல்லுங்க. கோயில் காலைலேந்து ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும், நம்ம ஊர் மாதிரி மத்தியானம் நடை சாத்தறது இல்ல, அதனால நேரத்துக்கு கவலை இல்ல. உள்ள தரை கல்லு, சில்லுன்னு ஏறும், செருப்பு விடற இடத்துலயே இன்னொரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் மாத்திக்க சொல்லுங்க, பையில எப்பவும் ஒண்ணு இருக்கட்டும்.

திவசத்துக்கு கோயில் ஆபீஸ்ல நேர்ல போய் கேளுங்க, திதி என்னிக்கு வருதுன்னு இந்த ஊர் பஞ்சாங்கப்படி பாத்து சொல்லுவாங்க, ஊர் காலண்டர்ல பாத்தா சில சமயம் ஒரு நாள் மாறும். முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, நவம்பர்ல கந்தசஷ்டி, கார்த்திகைன்னு அவங்களுக்கும் வேலை ஜாஸ்தி.

அப்புறம் ஒரு விஷயம். வந்த முதல் வாரமே அம்மாவ சும்மா கும்பிட்டுட்டு வர சொல்லாதீங்க, ஒரு வேலை கேட்டு வாங்கி குடுங்க. ஆபீஸ்ல போய் பூ தொடுக்க, பிரசாதம் பொட்டலம் கட்ட, விளக்கு துடைக்க ஆள் வேணுமான்னு கேளுங்க. சதுர்த்தி சமயத்துல வர்றாங்க, ஆள் கண்டிப்பா வேணும். தினம் ரதத்துக்கு மாலை, தோரணம், மோதகம்னு கை ஓயாத வேலை, ரதம் ஃப்ளஷிங் தெருவுல வரும்போது அவங்கவங்க வீட்டு முன்னாடி நின்னு தேங்காய் உடைப்பாங்க, போலீஸ் ட்ராஃபிக்க நிறுத்தி வழி விடுவாங்க. அந்த பத்து நாள் கூட நின்னு வேலை செஞ்சுட்டாங்கன்னா அதுக்கு அப்புறம் அவங்க விருந்தாளி கிடையாது. சாயங்காலம் நடக்கணும்னா பக்கத்துலயே குயின்ஸ் பொட்டானிக்கல் கார்டன் இருக்கு, பெஞ்ச் நிறைய இருக்கு, அதுக்கும் பழக்கி விடுங்க. மெயின் ஸ்ட்ரீட்லயே பெரிய ஹாஸ்பிடல் இருக்கு, ஆனா ட்ராவல் இன்ஷூரன்ஸ் எடுக்காம மட்டும் ஏத்தி விடாதீங்க.

வாசன் அண்ணா சொன்ன அட்டை நல்ல யோசனை, அத செய்ங்க, கூடவே கோயில் அட்ரஸும் அதுலயே பின்பக்கம் எழுதிடுங்க. பூட்ஸ் ஊர்லேந்து வாங்கிட்டு வர சொல்லாதீங்க, அங்க கிடைக்கறது இந்த பனில வழுக்கும், இங்க வந்ததும் மெயின் ஸ்ட்ரீட்ல கால் அளவு வெச்சு வாங்கிக்கலாம், நானே கூட வர்றேன்.